பினாங்கில் ‘கொட்’: ஓர் ஆங்கில வினையின் சீன, மலாய், தமிழ்த் தொடர்புகள்

முன்னுரை

பினாங்குத் தீவிலும் அதன் எதிர்க்கரையாகிய செபராங் பிறையிலும் அன்றாட ஆங்கிலப் பேச்சில் மிகுதியாக வழங்கும் வினைச்சொற்களுள் ஒன்று ‘கொட்’. இது ‘கெட்’ என்னும் ஆங்கில வினையின் இறந்தகால வடிவம். ஆயினும் இவ்வட்டாரத்தில் அது இறந்தகாலத்தை மட்டும் உணர்த்துவதில்லை. ‘யூ கொட் பென்?’ என்றால் ‘உன்னிடம் பேனா இருக்கிறதா?’ என்பது பொருள். ‘ஹியர் கொட் மெனி பீப்பல்’ என்றால் ‘இங்கே பலர் இருக்கிறார்கள்’ என்பது பொருள். ‘யூ கொட் கோ ஆர் நாட்?’ என்றால் ‘நீ போனாயா, இல்லையா?’ என்பது பொருள். இவற்றை முறையே உடைமைப் பயன்பாடு, இருப்புப் பயன்பாடு, நிகழ்வுப் பயன்பாடு எனக் குறிப்பிடலாம்.

இவை மூன்றும் சீன மொழியினர் ஆங்கிலம் கற்றபோது செய்த பிழைகள் என்றும், பிற இனத்தார் அவற்றைப் பின்பற்றிக் கெட்டனர் என்றும் ஆசிரியர்களிடையே பொதுவான ஒரு கருத்து நிலவுகிறது. தமிழ்ப் பள்ளி மாணவர் ‘கொட்’ என்று பேசும்போது ‘சீனர் ஆங்கிலம் பேசாதே’ என்று திருத்தும் வழக்கமும் உண்டு. இக்கருத்து எந்த அளவிற்கு வரலாற்றிற்குப் பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. ‘கொட்’டின் பயன்பாட்டில் சீன மொழிகளின் பங்கு பெரிது, எனினும் அதற்கு அடிப்படையான பொருண்மை தமிழுக்கு அயலானதன்று என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

ஆங்கிலத்தில் ‘கெட்’

‘கெட்’ என்னும் வினை வடக்கு ஐரோப்பிய நார்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்குள் வந்தது. பெறுதல் என்பதே அதன் முதற்பொருள். காலப்போக்கில் ஆதல், சேர்தல், செய்வித்தல், செயப்பாட்டு நிலை எனப் பல பொருள்களை அது ஏற்றது. ‘ஹேவ் கொட்’ என்னும் தொடர் ‘பெற்றிருக்கிறேன்’ என்ற பொருளிலிருந்து ‘என்னிடம் உள்ளது’ என்ற பொருளுக்கு நகர்ந்தது ஏறத்தாழ 16ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் ஆகும். பின்னர் விரைவான பேச்சில் ‘ஹேவ்’ மறைந்து ‘கொட்’ மட்டும் நிற்பதும் ஆங்கிலேயரிடையே இயல்பாயிற்று.

இச்செய்தி நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. கடல்கடந்து வந்த மாலுமியும் சிப்பாயும் வணிகரும் இலக்கணநூல் ஆங்கிலத்தைப் பேசியவர் அல்லர். ‘கொட்’ என்பதை உடைமைப் பொருளில் ஆசிய மக்கள் வழங்கியதற்கு முன்பே ஆங்கிலேயர் தாமே அதற்கு வழி திறந்துவிட்டனர். எனவே மூன்று பயன்பாடுகளுள் முதலாவதைப் ‘பிழை’ என்று கூறுவதே அத்துணைப் பொருத்தமன்று. ஆங்கிலம் அறியாத புதுமை என்று கூறத்தக்கவை இருப்புப் பயன்பாடும் நிகழ்வுப் பயன்பாடும் ஆகும்.

சீன மொழிகளில் இருப்பு வினை

மாண்டரின் மொழியில் ‘யோவ்’ என்னும் ஒரே வினை உடைமையையும் இருப்பையும் உணர்த்துகிறது. ‘எனக்குப் புத்தகம் உண்டு’ என்பதற்கும் ‘மேசைமேல் புத்தகம் உண்டு’ என்பதற்கும் அம்மொழியில் வெவ்வேறு வினைகள் தேவைப்படுவதில்லை. ஆங்கிலமோ முன்னதற்கு ‘ஹேவ்’ என்றும் பின்னதற்குத் ‘தேர் இஸ்’ என்றும் இரு வேறு அமைப்புகளைக் கேட்கிறது. தன் மொழியில் ஒன்றாக இருப்பதை ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிக்க வேண்டிய நிலை சீன மொழியினருக்கு ஏற்படுகிறது. அவர்கள் ஒரே சொல்லால் இரண்டையும் கூற முற்பட்டதன் விளைவே இருப்புப் பயன்பாடு.

இது பினாங்கில் மட்டும் நிகழ்ந்ததன்று. தென்சீனத் துறைமுகமான கான்டனில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வணிகத்தின் பொருட்டு உருவான கலப்பு ஆங்கிலத்திலும் ‘ஹேவ் கொட்’ என்ற தொடர் உடைமைக்கும் இருப்புக்கும் பொதுவாக வழங்கியது. அங்கு ஆங்கிலம் கற்க விரும்பிய சீனருக்காகத் தோங் திங் சூ 1862இல் ஆறு தொகுதிகள் கொண்ட கற்றல் நூலொன்றை வெளியிட்டார். ஆங்கிலச் சொற்களின் ஒலிப்பைச் சீன எழுத்துகளால் குறித்துக் கற்பித்த அந்நூலைப் போன்றவற்றால், பள்ளி செல்லாத வணிகரும் ஆங்கிலத்தை அணுக முடிந்தது.

நிகழ்வுப் பயன்பாட்டிற்கு வரும்போது சீன மொழிகளுக்குள்ளேயே வேறுபாடு காணப்படுகிறது. நடவாத செயலைக் கூற மாண்டரின் ‘மெய்யோவ்’ என்பதை வினைக்கு முன் வைக்கிறது. ‘இல்லை’ என்னும் பொருளுடைய அச்சொல் வினையோடு சேர்ந்து ‘போகவில்லை’ என்ற பொருளைத் தருகிறது. ஆனால் நடந்த செயலைக் கூற ‘யோவ்’ என்பதை வினைக்கு முன் வைப்பது தரப்படுத்தப்பட்ட மாண்டரினின் மரபன்று. ஹொக்கியென் மொழியிலோ இரண்டும் இயல்பு. அம்மொழியில் ‘ஊ’ என்பது ‘உண்டு’, ‘போ’ என்பது ‘இல்லை’. ‘லூ ஊ கீ போ?’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘நீ உண்டு போ இல்லை?’ என்றாகிறது, அதன் பொருள் ‘நீ போனாயா?’ என்பது. விடை கூறுபவர் ‘ஊ’ என்றோ ‘போ’ என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ‘யூ கொட் கோ ஆர் நாட்?’ என்ற வினாவும் ‘கொட்’ என்ற ஒற்றைச் சொல் விடையும் இந்த அமைப்பை ஏறத்தாழ அப்படியே காட்டுகின்றன. வழக்கமான செயலையும் ஹொக்கியென் ‘ஊ’வால் கூறும். ‘அவர் புகைபிடிக்கும் வழக்கமுடையவர்’ என்பதை ‘ஹி கொட் ஸ்மோக்’ என்று கூறுவதன் மூலமும் இதுவே.

ஆகவே, ‘சீனர் ஆங்கிலம்’ என்று பொதுவாகக் கூறுவதைவிட, நிகழ்வுப் பயன்பாட்டைப் பொறுத்தவரை ‘ஹொக்கியென் வழிப்பட்ட ஆங்கிலம்’ என்று கூறுவதே துல்லியமானது. பினாங்கில் சீனரிடையே மட்டுமன்றிப் பிற இனத்தாரிடையேயும் ஹொக்கியென் பொதுமொழியாக வழங்கி வந்தது. மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் பாபா சமூகத்தார் மலாய் வகையொன்றைத் தாய்மொழியாகக் கொண்டிருக்க, பினாங்கில் அச்சமூகத்தார் ஹொக்கியெனையே பேசினர். அதனுள் ‘சுக்கா’ (விரும்புதல்), ‘காவின்’ (திருமணம்) போன்ற மலாய்ச் சொற்கள் ஏராளமாகக் கலந்தன.

கடைத்தெருவில் ‘அடா’

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உடைமையாக்கிய பின்னர், ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவும் சீனர் தெருக்களும் அடுத்தடுத்து அமைந்தன. தமிழ் முஸ்லிம் வணிகர், ஹொக்கியென் வணிகர், மலாய் மக்கள், அச்சே நாட்டினர் ஆகியோர் ஒருவரோடொருவர் பேசிய மொழி ஆங்கிலம் அன்று; சந்தை மலாய் ஆகும். மலாயில் ‘அடா’ என்னும் சொல் உடைமை, இருப்பு ஆகிய இரண்டையும் உணர்த்துகிறது. பேச்சு மலாயில் ‘தியா அடா டாத்தாங்’ (அவர் வந்தார்) என நிகழ்வையும் அது வலியுறுத்துகிறது. ‘அடா?’ என்று வினவினால் ‘அடா’ என்றே விடை கூறலாம்.

ஹொக்கியென் ‘ஊ’வும் மலாய் ‘அடா’வும் ஒரே தெருவில் ஒரே பணியைச் செய்தன. ஆங்கிலம் அத்தெருவிற்குள் வந்தபோது, அப்பணிக்கு உரிய ஆங்கிலச் சொல்லாகக் ‘கொட்’ தேர்ந்தெடுக்கப்பட்டதில் வியப்பில்லை. ஒரு மொழியின் தாக்கம் மட்டும் இருந்திருந்தால் அது கற்போரின் தற்காலிகப் பிழையாக மறைந்திருக்கக் கூடும். அண்டை மொழிகள் ஒரே திசையில் அழுத்தியதால் அது நிலைத்தது எனலாம்.

மலேசிய, சிங்கப்பூர் ஆங்கிலத்தைப் பற்றி 1980இல் நூல் வெளியிட்ட ஜான் பிளாட், ஹைடி வெபர் ஆகியோர் தொடங்கி இத்துறையில் ஆய்வுகள் பெருகியுள்ளன. அந்தியா பிரேசர் குப்தா சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் ஆங்கிலத்தைப் பற்றி 1994இல் வெளியிட்ட நூல், அவ்வாங்கிலம் சந்தையில் அன்றி ஆங்கிலப் பள்ளிகளில் உருவானதென்ற கருத்தை வலியுறுத்துவது. 2009இல் நாலா லீ, லிங் ஆய் பிங், ஹிரோக்கி நோமோத்தோ ஆகிய மூவர் சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில் ‘கொட்’டின் பணிகளையும் அதன் அடிமொழித் தாக்கங்களையும் தனியே ஆராய்ந்தனர். இத்தகைய ஆய்வுகளில் சீன மொழிகளும் மலாயுமே முதன்மை பெறுகின்றன. தமிழின் நிலையைத் தமிழாய்வாளர்களே எடுத்துரைக்க வேண்டியுள்ளது.

பள்ளிகளின் பங்கு

பினாங்கில் முறையான ஆங்கிலக் கல்வி 1816இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் முயற்சியால் தோன்றிய பினாங்கு பிரீ ஸ்கூலுடன் தொடங்குகிறது. மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமும் அப்பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பிலிருந்தே கணக்கிடப்படுகிறது. செயின்ட் சேவியர் பள்ளியும் லைட் ஸ்திரீட் கான்வென்ட் பள்ளியும் 1852இல் தோன்றின. மெதடிஸ்ட் சபையாரின் ஆங்கிலோ-சீனப் பள்ளி 1891இல் தோன்றியது. இப்பள்ளிகளில் ஹொக்கியென் பேசும் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் யூரேசியப் பிள்ளைகளும் ஒன்றாகப் பயின்றனர். ஆசிரியர்களிலும் ஐரோப்பியருடன் யூரேசியர், இந்தியர், யாழ்ப்பாணத் தமிழர் எனப் பலதரப்பினர் இருந்தனர்.

வகுப்பறையில் ‘ஹேவ்’, ‘தேர் இஸ்’ என்பன கற்பிக்கப்பட்டாலும் விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் தமக்குள் பேசியது வேறு ஆங்கிலம். 1904இல் நிறுவப்பட்ட சுங் ஹுவா பள்ளி மாண்டரினைப் பயிற்றுமொழியாக்கியது. அதன்பின் சீனப் பள்ளிகள் மாண்டரின் வழிக்கு மாறிய பின்னரும் ‘கொட்’டின் நிகழ்வுப் பயன்பாடு குன்றவில்லை. அதற்குள் அது ஹொக்கியெனைச் சார்ந்து நிற்க வேண்டிய தேவையில்லாத, பினாங்கு ஆங்கிலத்தின் சொந்த இயல்பாகிவிட்டது.

தமிழில் உண்மையும் இன்மையும்

தமிழிலும் உடைமைக்கெனத் தனி வினை வழக்கில் இல்லை. ‘என்னிடம் பணம் இருக்கிறது’, ‘எனக்கு இரண்டு பிள்ளைகள் உண்டு’ என்று இருப்பு வினையாலேயே உடைமையைக் கூறுகிறோம். உடையவரைக் குறிக்க வேற்றுமை உருபு வருகிறதே தவிர வினை மாறுவதில்லை. ஆகவே ‘ஹேவ்’, ‘தேர் இஸ்’ என்னும் வேறுபாடு சீன மாணவருக்கு எவ்வளவு புதியதோ, தமிழ் மாணவருக்கும் அவ்வளவு புதியது.

இருப்பும் இன்மையும் தமிழ் இலக்கண மரபில் தனியிடம் பெற்றவை. தொல்காப்பியர் வினையியலில் அன்மை, இன்மை, உண்மை, வன்மை என்பவற்றைக் குறிப்பு வினைக்குரிய பொருள்களாகக் கூறுகிறார். அங்கு உண்மை என்பது வாய்மையன்று, உளதாந்தன்மை. காலத்தை வெளிப்படையாகக் காட்டாமல் உளது, இலது என்று மட்டும் கூறும் வினையைத் தமிழ் தொன்றுதொட்டே ஒரு தனி வகையாகப் போற்றியுள்ளது.

நிகழ்வுப் பயன்பாட்டிலும் தமிழ் முற்றிலும் விலகி நிற்கவில்லை. ‘நான் ஈப்போவுக்குப் போனதுண்டு’ என்னும்போது உண்டு என்பது அனுபவத்தைக் குறிக்கிறது. ‘அவர் மாலையில் நடப்பதுண்டு’ என்னும்போது வழக்கத்தைக் குறிக்கிறது. ‘போனதில்லை’, ‘வரவில்லை’ என்பனவற்றில் நடவாத செயலை இன்மைச் சொல்லாகிய ‘இல்லை’ உணர்த்துகிறது. ‘வந்திருக்கிறான்’ என்பதில் ‘இரு’ துணைவினையாக நின்று முற்றுப்பெற்ற செயலின் நிலையைக் காட்டுகிறது. மாண்டரின் ‘மெய்யோவ்’, ஹொக்கியென் ‘ஊ’, ‘போ’ ஆகியவற்றின் பணிகளோடு இவற்றை ஒப்பிட்டால், ஒரு செயல் நடந்தது என்பதை அது ‘உளது’ என்றும், நடவாதது என்பதை அது ‘இலது’ என்றும் கருதும் மனப்பாங்கு இவ்விரு மொழிக் குடும்பங்களுக்கும் பொதுவானது என்பது புலனாகும். இதனால் தமிழும் சீனமும் உறவு மொழிகள் என்று கொள்ளலாகாது. ஒரே பொருண்மைப் பாதையில் தனித்தனியே நடந்த மொழிகள் பினாங்கில் சந்தித்தன என்பதே இங்குக் கூறத்தக்கது.

எனினும் ஒற்றுமையை மிகைப்படுத்துதல் ஆகாது. தமிழில் உண்டு, இல்லை, இரு என்பன வினைக்குப் பின்னரே வருகின்றன. அவற்றிற்கு முன் நிற்பது வினையாலணையும் பெயரோ தொழிற்பெயரோ எச்சமோ ஆகும். வெறும் வினையடி அன்று. மேலும் ‘போனாயா?’ என்னும் வினாவிற்குத் தமிழர் ‘போனேன்’ என்றே விடை கூறுவர். ‘உண்டு’ என்று கூறுவதில்லை. எனவே தமிழ் மாணவர் ‘கொட் கோ’ என்று வினையடிக்கு முன் ‘கொட்’டை வைப்பதும், ‘கொட்’ என்று ஒரே சொல்லில் விடை கூறுவதும் தமிழிலிருந்து நேராக வந்திருக்க முடியாது. அவ்வடிவங்கள் ஹொக்கியென், மலாய் பேசும் அண்டையாரிடமிருந்து பெறப்பட்டவை. பொருண்மை தமிழுக்கு ஏற்றதாக இருந்தமையால் அவை எளிதில் ஏற்கப்பட்டன.

பைராம் தோட்டமும் நிபோங் திபால் வட்டாரமும்

நகரத் தெருவுக்கும் நகரப் பள்ளிக்கும் உரிய இவ்வரலாறு தோட்டத் தமிழருக்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதை நோக்க வேண்டும். பைராம் தோட்டம் செபராங் பிறையின் தென்பகுதியில், நிபோங் திபால் வட்டாரத்தில் உள்ளது. இவ்வட்டாரத்தில் கரும்புப் பயிரிடுதலை முதலில் பரப்பியவர்கள் தியோச்சூ சீனர். 1840களில் ஐரோப்பிய முதலாளிகள் பெரிய கரும்புத் தோட்டங்களை அமைத்தனர். அவற்றிற்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு மறைந்து ரப்பர் அதன் இடத்தைப் பிடித்தது. 1910இல் ஒப்பந்தமுறை ஆள்சேர்ப்பு நின்றபின் கங்காணி முறை மேலோங்கி, 1938இல் இந்திய அரசு விதித்த தடையால் அதுவும் முடிவுற்றது.

தோட்டத்தில் ஆங்கிலம் ஆபீசுக்குள் அடங்கிய மொழி. துரைக்கும் கிராணிக்கும் இடையே அது வழங்கியது. லயங்களில் தமிழே ஒலித்தது. தொழிலாளி தமிழுக்கு அப்பால் வேறொரு மொழியைப் பேச நேர்ந்தது, பெரும்பாலும் நிபோங் திபால் கடைத்தெருவில்தான். அங்குச் சீனக் கடைக்காரரிடம் அரிசியும் எண்ணெயும் வாங்கும்போது ‘அடா?’, ‘அடா’ என்னும் வினாவும் விடையும் பழகின. தியோச்சூ மொழியும் ஹொக்கியெனும் ஒரே மின் குழுவைச் சேர்ந்தவை. தியோச்சூவிலும் ‘ஊ’, ‘போ’ என்பன அப்பணிகளையே செய்கின்றன.

எனவே தோட்டப் பிள்ளை ஆங்கிலப் பாடத்தைத் தொடங்கும்போது அதன் மனத்தில் ‘இருக்கு’ என்பதும் ‘அடா’ என்பதும் ஏற்கெனவே இணைந்திருந்தன என்று கருதலாம். ‘கொட்’ மூன்றாவதாக வந்து அவ்விணைப்பில் சேர்ந்துகொண்டது. ஆங்கிலோ-சீனப் பள்ளியின் திடலைக் காணாத பிள்ளையும் அச்சொல்லை இயல்பாக ஏற்றதற்கு இது ஒரு காரணமாகலாம். நாடு விடுதலை பெற்றபின் தமிழ்ப் பள்ளிகளிலும் சீனப் பள்ளிகளிலும் ஆரம்பக் கல்வி முடித்த மாணவர் பல தலைமுறையினர், இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பில் ஒன்றாக அமர்ந்து பயின்றனர். ‘கொட்’டின் நிகழ்வுப் பயன்பாடு தமிழ் மாணவரிடம் உறுதிப்படுவதற்கு அவ்வகுப்புகள் ஏற்ற களமாக இருந்தன என்பது எளிதில் உய்த்துணரத் தக்கது.

கற்பித்தல் நோக்கில்

1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. ஆங்கிலம் இரண்டாம் மொழிப் பாடமாயிற்று. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது தமிழ்ப் பள்ளிகளும் அதில் அடங்கின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டு, 2012 முதல் தமிழ்ப் பள்ளிகள் படிப்படியாகத் தாய்மொழிக்குத் திரும்பின. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றின்போதும் மாணவரின் ஆங்கிலத் தரம் பொது விவாதமாயிற்று. அவ்விவாதங்களில் மாணவரின் தாய்மொழி பெரும்பாலும் தடையாகவே பேசப்பட்டது.

‘கொட்’டின் வரலாறு வேறொரு வழியைக் காட்டுகிறது. தேர்வுத் தாளில் ‘ஹியர் கொட் மெனி பீப்பல்’ என்று எழுதும் மாணவர் மதிப்பெண்ணை இழப்பார். எனவே தர ஆங்கிலத்தைக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் ‘சீனர் ஆங்கிலம்’ என்று இகழ்வதால் மாணவர் கற்றுக்கொள்வது ஏதுமில்லை. அவ்விகழ்ச்சி தன்னுடன் பயிலும் சீன மாணவரை அறியாமையின் அளவுகோலாகக் கருதவும் பழக்குகிறது.

மாறாக, ‘என்னிடம் பேனா இருக்கிறது’, ‘மேசைமேல் பேனா இருக்கிறது’ என்னும் இரு தொடர்களைக் கரும்பலகையில் எழுதி, தமிழில் ‘இருக்கிறது’ ஒன்றே இரண்டிற்கும் வருவதை மாணவரே காணச் செய்யலாம். முன்னதில் ‘இடம்’ என்னும் உருபு உடையவரைக் காட்டுவதால் ஆங்கிலம் ‘ஹேவ்’ கேட்கும் என்றும், பின்னது இடத்தைக் காட்டுவதால் ‘தேர் இஸ்’ கேட்கும் என்றும் விளக்கலாம். அடுத்துப் ‘போனதுண்டு’, ‘போவதுண்டு’, ‘போகவில்லை’ என்னும் மூன்றையும் நிரல்படுத்தி, மூன்றிற்கும் ‘கொட்’ ஒன்றையே அடியாகக் கொள்ளும் பினாங்கு வழக்கையும், அவற்றுக்கு ஆங்கிலத்தில் மூன்று வெவ்வேறு வினையமைப்புகள் உள்ளமையையும் ஒப்பிடலாம். முதலாவதற்கு ‘ஹேவ்’ உடன் வினையெச்ச வடிவமும், இரண்டாவதற்கு நிகழ்கால வடிவமும், மூன்றாவதற்கு ‘டிட் நாட்’ என்பதும் உரியன. இவ்வேறுபாட்டைத் தமிழில் ஏற்கெனவே நுட்பமாக அறிந்திருக்கும் மாணவருக்கு ஆங்கிலத்தில் அதை இனங்காட்டுவது கடினமன்று.

இவ்வகைக் கற்பித்தலுக்கு ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் கலந்து செயற்பட வேண்டும். தமிழ் இலக்கண வகுப்பில் குறிப்பு வினை தேர்வுக்காக மனனம் செய்யும் பகுதியாக நின்றுவிடாமல், மாணவர் நாள்தோறும் கேட்கும் மொழிகளை விளங்கிக்கொள்ளும் கருவியாகவும் பயன்பட அது வழிவகுக்கும்.

முடிவுரை

பினாங்கில் ‘கொட்’டின் உடைமைப் பயன்பாடு ஆங்கிலேயரின் பேச்சிலேயே வேர் கொண்டது. இருப்புப் பயன்பாடு சீன, மலாய், தமிழ் மொழிகள் மூன்றிற்கும் பொதுவான அமைப்பின் விளைவு. நிகழ்வுப் பயன்பாட்டின் வடிவம் ஹொக்கியெனுக்கும் பேச்சு மலாய்க்கும் உரியது. அதன் பொருண்மைக்குத் தமிழில் ‘உண்டு’, ‘இல்லை’ என்பன இணையாக நிற்கின்றன. எனவே ‘கொட்’டை ஓர் இனத்தாரின் பிழையாகக் கொள்ளும் கருத்து வரலாற்றிற்குப் பொருந்தாது. தீவின் தெருக்களிலும் செபராங் பிறைத் தோட்டங்களைச் சார்ந்த கடைத்தெருக்களிலும் பல மொழியினர் கொடுத்தும் பெற்றும் வாழ்ந்ததன் சான்றாகவே அதனைக் கொள்ள வேண்டும். தமிழ் மலேசியாவில் அண்டை மொழிகளோடு கொண்ட தொடர்பைச் சொற்கடன்களின் பட்டியலோடு நிறுத்தாமல், வினையமைப்பு வரை நீட்டித்து ஆராய்வதற்கு இச்சிறு வினை ஒரு தொடக்கமாகலாம்.